எறும்பின் மேல் சவாரி: இரண்டு உண்ணிகள்

எறும்புப் புற்றில் வாழும் உண்ணிகளில் எனக்குப் பிடித்தவை இரண்டு: ஐரோப்பாவின் ஆன்டெனோஃபோரஸ், மத்திய, தென் அமெரிக்காவின் மேக்ரோகீலிஸ் ரெட்டன்மெயரி. இரண்டும் மீசோஸ்டிக்மாட்டா என்ற ஒரே வரிசையைச் சேர்ந்தவை. ஒற்றுமை கிட்டத்தட்ட அதோடு சரி.

ஆன்டெனோஃபோரஸ் லேசியஸ் எறும்புகளின் மேல் வாழ்கிறது. அதன் முதல் ஜோடிக் கால்கள் நீண்டு உணர்கொம்பாகவே மாறிவிட்டன. நடப்பதற்கு மிச்சம் ஆறுதான். அந்த நீண்ட கால்களால் எறும்பைத் தடவிக்கொடுத்தால், அது சக எறும்பென்று நினைத்து உணவைக் கக்கிக் கொடுக்கும். 1897இல் பிரெஞ்சுப் பூச்சியியலாளர் சார்ல் ஜானே கவனித்தது இன்னும் சுவையானது. ஓர் உண்ணி மட்டும் இருந்தால் எறும்பின் தலைக்கு அடியில் உட்காரும். இரண்டானால் பக்கத்துக்கு ஒன்று. சுமை ஒரு பக்கமாகச் சாய்வதே இல்லை! திருட்டிலும் ஒரு நாகரிகம்.

ரெட்டன்மெயரி தடவிக்கொடுப்பதெல்லாம் இல்லை, நேராக ரத்தம்தான். எசிட்டான் டல்சியம் என்ற படையெறும்பின் பின்னங்கால் நுனியில் ஒட்டிக்கொண்டு உறிஞ்சுகிறது. படையெறும்புகள் ஒன்றின் காலை ஒன்று கொக்கிபோட்டுப் பிடித்துத் தங்கள் உடல்களாலேயே கூடு கட்டுபவை. அப்போது உண்ணியின் வளைந்த பின்கால்களே எறும்புக்கு நகமாகின்றன.

வகைப்பாட்டில் எனக்கு இரண்டாவதுதான் வியப்பு. ஆன்டெனோஃபோரஸுக்கு அதன் பெயரிலேயே தனிக் குடும்பம் உண்டு. மேக்ரோகீலிஸ் பேரினத்தின் மற்ற பல இனங்களோ சாணத்தில் ஈ முட்டை தின்று திரிபவை.