3200 என்று அச்சடித்த ரேம்: நீண்ட பாவனைக்குப் பிறகு

கொழும்பு யுனிட்டி பிளாசா கணினிக் கடைகளில் இதே ரேம் சோடியை (8 ஜிபி குச்சி இரண்டு) பார்த்துவிட்டு "வாங்கலாமா?" என்று கேட்ட நண்பருக்காக எழுதுகிறேன். வீட்டு வேலைக்கு 16 ஜிபி தாராளம். வெள்ளவத்தை வெக்கையிலும் ரேம் பெரிதாகச் சூடேறுவதில்லை, விலையும் நியாயம். எரிச்சல் ஒன்றே ஒன்றுதான்: பெட்டியில் இருக்கும் அந்த 3200.

அந்த வேகம் தானாக வராது. பூட்டியதும் இது 2666இல், 1.2 வோல்ட்டில்தான் ஓடும். பயோஸில் (கணினி எழும்பும்போது திறக்கும் அமைப்புத் திரை) எக்ஸ்எம்பி என்ற வேக அமைப்பைப் போட்டால்தான் 3200, அதுவும் 1.35 வோல்ட்டில். அது ஓவர்கிளாக், அதாவது வழமையான வேகத்துக்கு மேல் ஓட்டுவது. ப்ரொசஸரில் ரேமை இயக்கும் மெமரி கன்ட்ரோலரும் மதர்போர்டும் தாங்காவிட்டால் அது எப்போதும் உடனே தெரியவராது. பாட்டுக் கேட்கும்போதோ, ஒன்றும் செய்யாமல் சும்மா கிடக்கும்போதோ திடீரென்று விண்டோஸின் பிழைத் திரையான நீலத்திரை விழும்.

இதற்குக் கடைகளில் சொல்லும் முதல் மருந்து விண்டோஸை அழித்துத் திரும்பப் போடுவது. எனக்குக் கோபம் வருவது இங்கேதான். ரேம் பிழைவிடும் நிலையில் விண்டோஸ் போட்டால் ஃபைல்களே பழுதாகப் பதியக்கூடும். காசு கொடுத்துப் புதுப் பிரச்சினையை வாங்குவதுதான் மிச்சம்.

முதலில் விண்டோஸின் "ஸ்டார்ட்அப் அண்ட் ரிகவரி" அமைப்பில் "ஓட்டோமெட்டிக்கலி ரீஸ்டார்ட்" என்பதில் உள்ள சரி அடையாளத்தை எடுத்துவிடுங்கள். நீலத்திரை அப்படியே நின்று, பிழைக் கோட் வாசிக்கக் கிடைக்கும். ஒவ்வொரு முறையும் ஒரே கோட், ஒரே டிரைவர் (ஒரு பாகத்தை இயக்கும் மென்பொருள்) பெயர் என்றால் அந்த டிரைவரைப் பாருங்கள். ஒருநாள் மெமரி மேனேஜ்மென்ட், மறுநாள் பேஜ் ஃபோல்ட், பிறகு ஐஆர்கியூஎல் என்று மாறிக்கொண்டே இருந்தால் சந்தேகம் ரேமில் விழவேண்டும். விண்டோஸ் பதிந்துவைக்கும் பிழைக் கோப்பான மினிடம்ப்பில் என்டிஓஎஸ்கர்னல் என்று வருவதை நம்பவேண்டாம். அது விண்டோஸின் கர்னல், அதாவது மையப் பகுதி, பெரும்பாலும் பிழை வெளிப்பட்ட இடம்தான், பிழை செய்தது வேறு. நீலத்திரையே இல்லாமல் படக்கென்று அணைந்து, விண்டோஸின் பதிவேடான ஈவென்ட் வியூவரில் கர்னல்-பவர் 41 மட்டும் பதிந்திருந்தால் பவர் சப்ளையையும் கறன்ட் லைனையும் பாருங்கள்.

ரேம்தான் என்று தோன்றினால் ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86ஐப் பென்டிரைவில் ஏற்றி, இரவு போட்டுவிட்டுப் படுங்கள். நான்கு சுற்றில் ஒரு பிழை வந்தாலும் அது பிழைதான். எக்ஸ்எம்பியை நிறுத்தித் திரும்ப ஓட்டுங்கள். பிழை மறைந்தால் வேகம்தான் காரணம். மறையாவிட்டால் ஒவ்வொரு குச்சியாக, ப்ரொசஸரிலிருந்து இரண்டாவது ஸ்லொட்டில் போட்டுச் சோதியுங்கள். கடற்கரைப் பக்க வீடுகளில் உப்புக்காற்றில் குச்சியின் தங்கப்பூச்சுக் கால்களில் அழுக்குப் படியக்கூடும். பிளக்கைக் கழற்றி, பவர் பட்டனைச் சில விநாடி அமத்தி, ஐசோப்ரொபைல் அல்ககோல் தொட்ட துணியால் துடையுங்கள். அழிரப்பர் வேண்டாம், பூச்சு தேய்ந்து போகும். திரும்பப் பூட்டும்போது ஸ்லொட்டின் கிளிப் "டிக்" என்று விழவேண்டும்.

என்னிடம் இந்தச் சோடி இப்போது 2933இல் ஓடுகிறது. நீலத்திரை இல்லை, 3200க்கும் இதற்கும் வீட்டுப் பாவனையில் வித்தியாசமும் தெரியவில்லை. நல்ல ரேம்தான். ஆனாலும் நண்பரே, வாங்கவேண்டாம். 1.2 வோல்ட்டிலேயே 3200 ஓடும் ரேம் சந்தையில் இருக்கிறது, அதற்கு எக்ஸ்எம்பியே தேவையில்லை. கடையில் ஸ்டிக்கரைத் திருப்பி, வேகத்துக்குப் பக்கத்தில் எத்தனை வோல்ட் என்று பார்த்து வாங்குங்கள்.