விளக்கு வெளிச்சத்தில் ஒரு வீடு: ‘தி அதர்ஸ்’ திரைப்படமும் அதன் 4கே இறுவட்டும்

அலெகாந்த்ரோ அமெனாபார் எழுதி இயக்கிய ‘தி அதர்ஸ்’ 2001 இல் வெளிவந்தது. போரால் மூடப்பட்டிருந்த ஏ-9 பாதை 2002 இல் திறந்தபின் யாழ்ப்பாணத்துக்கு வந்து குவிந்த வீசீடிகளில் ஒன்றாகத்தான் அதை நான் முதலில் பார்த்தேன். இரண்டு இறுவட்டுகளாகப் பிரித்துப் பதிந்திருந்த அந்தப் பிரதியில், நிக்கோல் கிட்மன் கையில் விளக்குடன் இருண்ட நடையில் வரும்போது அவருடைய முகத்தைத் தவிர மற்ற எல்லாம் சாம்பல் நிறச் சதுரங்களாக உடைந்து துடித்தன. கதை புரிந்தது, முடிவில் திகைத்தும் போனேன். ஆனால் அந்தப் படத்தின் இருட்டை நான் பார்க்கவேயில்லை என்பது, கனடாவிலிருந்து வந்த மச்சாள் கொண்டுவந்து தந்த, தேர்ந்த படங்களைச் செம்மையாக்கி வெளியிடும் கிரைடீரியன் நிறுவனத்தின் மிகத் துல்லியமான 4கே இறுவட்டைச் சென்ற வாரம் போட்டுப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

கதை 1945 இல், பிரான்ஸ் கரைக்கு அருகிலுள்ள ஜேர்சித் தீவில் நடக்கிறது. ஜேர்மன் படையின் ஐந்தாண்டு ஆக்கிரமிப்பு அப்போதுதான் முடிந்திருக்கிறது. போருக்குப் போன கணவன் திரும்பவில்லை. கிரேஸ் (நிக்கோல் கிட்மன்) என்ற இளந்தாய் தன் இரண்டு பிள்ளைகளுடன் ஒரு பெரிய வீட்டில் தனித்திருக்கிறாள். பிள்ளைகளின் உடல் வெளிச்சத்தைத் தாங்காது என்பதால் யன்னல்கள் எல்லாம் தடித்த திரைச்சீலைகளால் மூடப்பட்டிருக்கின்றன. ஐம்பது கதவுகளுக்குப் பதினைந்து திறப்புகள். முன்னைய கதவைப் பூட்டாமல் அடுத்த கதவைத் திறக்கக்கூடாது என்பது அந்த வீட்டின் சட்டம். வேலைக்கென்று மூவர் வந்து சேர்கிறார்கள். அதன்பின் பூட்டிய அறையில் பியானோ ஒலிக்கிறது, யாருமில்லாத மேல்மாடியில் காலடி கேட்கிறது, வீட்டில் வேறு ஆட்கள் இருக்கிறார்கள் என்று மூத்த மகள் சாதிக்கிறாள். இதற்கு மேல் கதையைச் சொல்வது பார்க்கப்போகிறவருக்குச் செய்யும் அநியாயம்.

அந்த வீட்டில் மின்சாரமும் இல்லை. ஜேர்மனியர் அடிக்கடி அதைத் துண்டித்ததால் அது இல்லாமலே வாழப் பழகிவிட்டோம் என்று கிரேஸ் போகிறபோக்கில் ஒரு வரியில் சொல்லிக் கடந்துவிடுகிறாள். வேறு ஊர்களில் இருப்போருக்கு அது கதைக்கு வசதியாக வைத்த ஒரு தகவல். 1990 இல் போர் மீண்டும் மூண்டு குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றபின், ஐந்தாண்டுகளுக்கு மேல் ஜாம் போத்தலுக்குள் பஞ்சைப் போட்டு, அது நனையுமளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய் விட்டு, அந்தச் சிறு சுடரில் படித்தவர்களுக்கு அது வாழ்க்கை. விளக்கு வெளிச்சம் அறையை நிரப்புவதில்லை. தன்னைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுக்கொண்டு மிச்சத்தை முன்பிருந்ததைவிட இருட்டாக்கிவிடும். என்னுடன் படம் பார்த்துக்கொண்டிருந்த அம்மா, கிரேஸ் விளக்கை உயர்த்திய ஒரு கட்டத்தில், “கண்ணுக்கு நேர பிடிச்சால் இருட்டுத்தான் கூடும் பிள்ளை” என்றார். அமெனாபாரும் அவருடைய ஒளிப்பதிவாளர் ஹவியேர் அகிரேசரோபேயும் படம் முழுவதையும் இந்த ஒரு உண்மையின் மேல்தான் கட்டியிருக்கிறார்கள். பயம் வருவது பேயின் உருவத்திலிருந்து அன்று, சுடரின் வட்டம் முடியும் விளிம்பிலிருந்து.

அந்த விளிம்பைக் காப்பாற்றியிருப்பதே இந்த இறுவட்டின் பெரிய சிறப்பு. 2023 ஒக்டோபரில் வெளியான இப்பதிப்புக்கான 4கே மீட்டுருவாக்கத்தை இயக்குநரே மேற்பார்வை செய்திருக்கிறார். சுடருக்கு அருகே கன்னத்தில் மஞ்சளாக இருக்கும் ஒளி, காதைத் தாண்டியதும் பழுப்பாகி, தலைமயிரின் ஓரத்தில் மெல்லிய கோடாகி, பின்னாலுள்ள சுவரில் இல்லாமற் போவதை இடையில் ஒரு படியும் தெரியாமல் காணமுடிகிறது. இணையவழிச் சேவைகளில் இதே காட்சிகள் கோப்பைச் சுருக்குவதற்காகப் பட்டை பட்டையாக வெட்டுப்பட்டு, சுவரில் ஈரம் ஊறியது போலத் தோன்றும். இங்கே கறுப்பு கறுப்பாகவே இருக்கிறது. அதற்குள்ளும் மரப்படியின் விளிம்பு, திரைச்சீலையின் மடிப்பு, கிரேஸின் கையிலுள்ள திறப்புக்கோவை என்று ஒவ்வொன்றாகக் கண்ணுக்குப் பிடிபடுகின்றன. வெளியே சூழ்ந்திருக்கும் பனிமூட்டக் காட்சிகளில் படச்சுருளின் இயல்பான மணித்தன்மையையும், அதாவது அதன் நுண்புள்ளிகளையும், வழித்துத் துடைக்காமல் விட்டிருக்கிறார்கள்.

ஒலியும் இதற்குக் குறைந்ததன்று. இசையையும் அமைத்தவர் இயக்குநரே. எங்கே இசை வேண்டாம் என்று அவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. பூட்டுக்குள் திறப்பு சுழலும் ஓசை இடப்பக்கத்திலிருந்தும், மேல்மாடிக் காலடி தலைக்கு மேலிருப்பது போலவும் கேட்கின்றன. மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பாருங்கள். அதன் இரைச்சலுக்குள் பாதிப் படம் அமிழ்ந்துவிடும்.

இடையில் கிரேஸுக்கு ஒரு பழைய புகைப்படத் தொகுப்பு கிடைக்கிறது. அதில் இருப்போரெல்லாம் நாற்காலியிலும் கட்டிலிலும் கண்மூடித் தூங்குகிறார்கள் என்று எண்ணிப் புரட்டுகிறாள். இறந்தவர்களை அலங்கரித்து எடுத்த படங்கள் அவை என்று வேலைக்காரி மிசிஸ் மில்ஸ் விளக்கும்போது, அவள் அருவருத்து அதை வீட்டிலிருந்து அகற்றச் சொல்கிறாள். சவப்பெட்டியின் தலைமாட்டில் குடும்பம் முழுவதும் நின்று எடுத்த செத்தவீட்டுப் படங்களை அலுமாரியில் வைத்திருப்பவர்கள் நாங்கள். வெளிநாட்டில் இருந்து வரமுடியாமற் போன பிள்ளைகளுக்குச் செத்தவீட்டு வீடியோ அனுப்பியவர்கள். அந்த அருவருப்பு எனக்கு வரவில்லை. பதிலாக, யாருக்காக அந்தப் படங்களை எடுத்திருப்பார்கள் என்ற கேள்விதான் வந்தது. மிசிஸ் மில்ஸாக நடித்த பியொனூலா பிளானகனின் குரலிலும் அதே கேள்வி அடங்கியிருப்பதாகப் பட்டது. கிட்மனுக்கு ஈடாக நிற்கும் நடிப்பு அவருடையது.

குறையும் உண்டு. கணவன் பனிமூட்டத்திலிருந்து திரும்பி வரும் பகுதி அழகாகப் படமாக்கப்பட்டிருந்தாலும், கிறிஸ்தோபர் எக்கிள்ஸ்ரனுக்குப் பேசுவதற்கு அதிகம் கொடுக்கப்படாததால் கதை அங்கே சற்றுத் தளர்கிறது. காத்திருந்து காத்திருந்து வந்த ஒருவரிடம் கேட்பதற்கு ஒரு பெண்ணிடம் எத்தனை இருக்கும் என்பதை அறிந்த எங்களுக்கு அந்தத் தளர்வு இன்னும் கூடுதலாகத் தெரியும். ஆனாலும் ஸ்பெயினின் திரைப்பட விருதுகளான கோயா விருதுகள் எட்டை இப்படம் வென்றதிலும், ஸ்பானிய மொழியில் ஒரு வார்த்தையும் பேசாமலே அந்நாட்டின் சிறந்த படமாகத் தெரிவானதிலும் எனக்கு வியப்பில்லை.

இலங்கையில் வாங்க எண்ணுவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பெட்டிக்குள் இரண்டு இறுவட்டுகள் உள்ளன. 4கே இறுவட்டுக்கு, எந்தப் பகுதிக் கருவியில் ஓடலாம் என்ற வலயக் கட்டுப்பாடு இல்லாததால் எந்த 4கே கருவியிலும் ஓடும். புளூரே இறுவட்டு அமெரிக்காவுக்கான ஏ வலயத்துக்குரியது; தெற்காசியா சி வலயத்தில் இருப்பதால் இங்குள்ள சாதாரண புளூரே கருவி அதை ஏற்காது. நீக்கப்பட்ட காட்சிகளும் படமாக்கம் பற்றிய பதிவுகளும் அந்த இரண்டாவது இறுவட்டில்தான் உள்ளன. வலயக் கட்டுப்பாடு நீக்கிய கருவி வைத்திருக்கும் நண்பர் ஒருவரின் வீட்டில் அவற்றைப் பார்த்தேன். நடிகர் தேர்வின்போது பிள்ளைகள் இருவரும் நடித்துக் காட்டும் பகுதிக்காகவே அந்தச் சிரமத்தைப் படலாம். தமிழ் உபதலைப்பு கிடையாது, ஆங்கில உபதலைப்பு உண்டு; பாத்திரங்கள் நிதானமாகப் பேசுவதால் அம்மாவுக்கு நான் இரண்டு மூன்று இடங்களில் மட்டுமே விளக்க வேண்டியிருந்தது.

தொலைக்காட்சியில் அசைவை மழுமழுப்பாக்கும் அமைப்பை நிறுத்திவிடுங்கள். ஒளி அளவை நீங்களாக உயர்த்த வேண்டாம். தெருவிளக்கு யன்னலால் விழுமானால் சீலை ஒன்றைத் தொங்கவிட்டுக்கொள்வது நல்லது. முடிவு தெரிந்தபின் இன்னொரு முறை பார்ப்பதற்கும் நேரம் ஒதுக்குங்கள், ஏனென்றால் முதன்முறை சாதாரண உபசாரமாகக் கேட்ட பேச்சுகள் இரண்டாம் முறை வேறொன்றைச் சொல்கின்றன. மூன்று நாள் கழித்து மீண்டும் போட்டபோது, வேலைக்காரர் மூவரும் வாசலில் வந்து நிற்கும் இடத்திலேயே அம்மா நிறுத்தச் சொன்னார். பின்னுக்கு ஓட்டி, அவர்கள் அந்த வீட்டைப் பற்றி முதலில் சொல்வதை இன்னொரு தடவை கேட்டார்.