நாவற்குடா அன்னாசிக்கடை: விலை கூட, ஆனா பழம் நம்பலாம்

மட்டக்களப்பில், கல்முனை வீதியில் நாவற்குடாப் பக்கம் தகரக் கூரை போட்ட அன்னாசிக்கடை ஒன்று இருக்கிறது. பெயர்ப்பலகை எல்லாம் கிடையாது. வீட்டில் ஜாமும் அச்சாறும் செய்து விற்கிறவள் நான். பழம் எடுப்பது இங்கேதான். டவுன் சந்தையை விட விலை கூட. எவ்வளவு பேரம் பேசினாலும் கடைக்கார நானா இறங்க மாட்டார்.

அவரிடம் எனக்குப் பிடித்தது, தோலின் மஞ்சள் நிறத்தைக் காட்டி விற்காததுதான். வாழைக்குலையைப் போல அன்னாசியைக் காயாய் வெட்டி வந்து பழுக்க வைக்க ஏலாது. வாழைக்காய்க்குள் மாப்பொருள் இருக்கிறது, அது பிறகு சீனியாக மாறும். அன்னாசியில் அப்படிச் சேர்ந்து கிடக்கிற மாப்பொருள் இல்லை. செடியில் நிற்கும்வரை இலையில் இருந்து வந்து சேருகிற இனிப்பு எவ்வளவோ, அவ்வளவுதான். வெட்டின பிறகு தோல் மஞ்சளாகும், சதை இளகும், இனிப்பு மட்டும் ஏறாது. எதிபோன் மருந்து அடித்தால் பச்சைத் தோல் இன்னும் கெதியாய்ப் பொன்னிறமாகும். வேறொரு கடையில் தோலை நம்பி வாங்கின பழங்கள் உள்ளே வெளிறிப்போய், நாக்கை அரிக்கிற புளிப்பு. ஜாமுக்குச் சீனி கொட்டி மாளவில்லை.

மருந்து என்றதும் பயப்படவும் தேவையில்லை. தோட்டத்துச் செடிகள் எல்லாம் ஒன்றாய்ப் பூக்கட்டும் என்று குருத்துக்குள் ஊற்றுவதும் இதே எதிபோன்தான். பூத்து 5, 6 மாதம் செடியில் நின்று முற்றினால் பழத்தில் ஒரு குறையும் இராது. அவசரப்பட்டு வெட்டுகிறதுதான் வினை.

நானாவுக்குப் பழம் வருவது கம்பஹா, குருநாகல் பக்கத்துத் தென்னந்தோட்டங்களில் இருந்து. நன்றாய்க் கனிந்ததை ஏற்றினால் பொலன்னறுவை தாண்டுமுன்னே நசிந்து சாறு வடியும். அதனால் அடிக் கண்களில் கால்வாசி மஞ்சள் பிடித்ததாய்ப் பார்த்து எடுக்கிறார். பழம் அடியில் இருந்துதான் பழுத்து ஏறும். அடித்துண்டு இனிப்பதும் கொண்டைப் பக்கம் புளிப்பதும் அதனால்தான். காம்பையும் பார்ப்பார். இரண்டு விரலளவு காம்பு விடாமல் ஒட்ட வெட்டியிருந்தால், அந்தக் காயத்தால் பூஞ்சணம் இறங்கி அடி கறுத்து நீர் விடும். அப்படி வந்ததைக் கண்முன்னாலேயே ஒதுக்கி வைக்கிற வியாபாரியை நான் வேறெங்கும் காணவில்லை.

பெரும்பாலும் முறுசி இன அன்னாசிதான் இருக்கும்: கண் ஆழமானது, சதை நல்ல மஞ்சள், வாசம் தூக்கும். பெரிய பழம் வேண்டுமென்றால் கியூ இனம் எப்போதாவது வரும். சாறு நிறைய, வாசம் குறைவு. அச்சாறுக்கு நான் அதைத் தொடுவதில்லை.

குறை இல்லாமல் இல்லை. பின்னேரம் முன்வரிசைப் பழமெல்லாம் வெயிலில் வேகிறது.

“நானா, ஒரு சாக்காவது கட்டக் கூடாதா?”

“அது வித்துப் போயிரும் தங்கச்சி.”

எப்போதும் இதே பதில்தான். கொண்டையைக் கீழே வைத்து அடுக்கினால் இனிப்பு முழுப் பழத்துக்கும் பரவும் என்றும் சொல்வார். எனக்கு நம்பிக்கை இல்லை. உப்பும் மிளகாய்த்தூளும் தூவிக் கொடுக்கிற துண்டு அருமை. கத்தி கழுவுகிற வாளித் தண்ணீரை மட்டும் அடிக்கடி மாற்றினால் நல்லது.

லொறி இறங்கின காலையில் போனால் பொறுக்கி எடுக்கலாம். வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரம் கடை பூட்டு. வாங்கினதை முழுசாய் பிரிட்ஜில் வைக்க வேண்டாம், கடுங்குளிரில் நடுச்சதை பழுப்பாகும். வெட்டிப் போத்தலில் போட்டு வையுங்கள். ஜாம் காய்ச்சுகிறவர்கள் பக்கம் நசிந்த பழத்தைக் கேட்டு வாங்குங்கள். மேசைக்குக் கீழே தனியாய் வைத்திருப்பார், பாதி விலைக்குத் தருவார். தேசிக்காய்ப் புளி கொஞ்சம் கூட விட்டால் ஜாம் நன்றாய் இறுகும்.