45 நாளில் சிஎஃப்ஏ பாஸாக்கித் தருகிறோம் என்று யாராவது சொன்னால்

மட்டக்களப்பில் கல்லடியில் இருக்கிறேன். ரவுணில் ஒரு லீசிங் கம்பனியில் வேலை. போன ஆகஸ்டில் சிஎஃப்ஏ என்கிற முதலீட்டுத் துறைச் சர்வதேசப் பரீட்சையில் முதல் மட்டம் எழுதிக் கோட்டை விட்டேன். அதில் பாதிப் பிழை என்னுடையது. மற்றப் பாதிக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

வட்ஸ்அப்பில் ஒரு நோட்டீஸ் வந்தது. 45 நாளில் பாஸ், உத்தரவாதம், பெயிலானால் முழுக்காசும் திரும்ப. கட்டணம் 60,000 ரூபாய். சனி, ஞாயிறு வகுப்பு, நம்முடைய ஊரிலேயே. ஒவ்வொரு கிழமையும் கொழும்புக்கு ஓட எனக்கு லீவு இல்லை. கட்டிவிட்டேன்.

சேர் நன்றாகக் கதைப்பார். முதல் நாளே, "தம்பி, நீங்க புத்தகத்தைத் திறக்கவே தேவையில்ல. வாற கேள்வி எல்லாம் என்னட்ட இருக்கு" என்றார். மூன்று போட்டோக்கொப்பி டியூட்கள் கைக்கு வந்தன. முதல் பக்கத்தின் மேல் மூலையில் "240 கேள்விகள், 6 மணித்தியாலம்" என்று இருந்தது. அந்த வரியைப் பார்த்ததுமே நான் எழும்பி வந்திருக்க வேண்டும். அது கடதாசியில் எழுதிய காலத்துக் கணக்கு. 2021 இலிருந்து பரீட்சை கணினியில்தான் நடக்கிறது: 180 கேள்விகள், 135 நிமிடம் வீதம் இரண்டு அமர்வுகள்.

உள்ளேயும் அதே பழசு. குத்தகைப் பாடத்தில், கட்டடத்தை வாடகைக்கு எடுத்தவர் வாடகையைச் செலவாகப் போட்டால் போதும், ஐந்தொகையில் ஒன்றும் வராது என்று இருந்தது. ஐஎஃப்ஆர்எஸ் 16 என்கிற சர்வதேசக் கணக்கீட்டு நியமம் வந்து, 2019 இலிருந்து நீண்டகாலக் குத்தகை சொத்தாகவும் கடனாகவும் ஐந்தொகையில் ஏறுகிறது. லீசிங் கம்பனியில் சம்பளம் வாங்குகிற எனக்கு இது தெரியும். சேரிடம் சொன்னேன். "பரீட்சைக்குப் பழைய முறைதான்" என்றார். சரி, அவருக்குத் தெரியும் என்று விட்டுவிட்டேன்.

கல்குலேட்டரும் அப்படித்தான். "கெசியோ இருந்தாக் காணும்" என்றார். உள்ளே கொண்டுபோக விடுவது இரண்டு வகைதான்: டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் பிஏ 2 பிளஸ், எச்பி 12சி. கடைசிக் கிழமையில்தான் இது தெரியவந்தது. கொழும்பில் ஒரு நண்பனிடம் பிஏ 2 பிளஸ் ஒன்று இரவல் வாங்கினேன். திரையில் மேலே சின்னதாக "பிஜிஎன்" என்று நின்றது எனக்கு விளங்கவில்லை. தவணை ஆரம்பத்திலேயே காசு வருகிறது என்று அது கணக்குப் போடும். ஆகவே வருடாந்தத் தொகையின் (தவணைக்குத் தவணை வரும் ஒரே அளவான காசின்) நிகழ்காலப் பெறுமதி, அதாவது இன்றைய மதிப்பு, ஒவ்வொன்றும் ஒரு தவணை வட்டி அளவு கூடி வந்தது. கொடுமை என்னவென்றால், அந்தப் பிழையான விடையும் மூன்று தெரிவுகளில் ஒன்றாகப் பரீட்சையில் இருந்தது.

இனி என்னுடைய பாதி. சேரின் கேள்விகளையே திரும்பத் திரும்பச் செய்து 85 வீதம் எடுத்தேன், அது அறிவு என்று நம்பினேன். அவ்வளவும் மனப்பாடம். இன்னொன்றும் உண்டு. முதல் மட்டத்தில் 15 முதல் 20 வீதம் ஒழுக்கநெறி. பரீட்சைக் கேள்விகளை வெளியில் விடக்கூடாது என்பதும் அந்தப் பாடத்திலேயே இருக்கிறது. அதைப் படித்துக்கொண்டே, "போன தடவை வந்தவை" என்று அவர் தந்ததைப் பாடமாக்கினேன். சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

காசைத் திருப்பிக் கேட்டேன். வரவுப் புத்தகத்தை எடுத்தார். ஒரு ஞாயிறு நான் வரவில்லையாம், அதனால் உத்தரவாதம் செல்லாதாம். அது ஆடி அமாவாசை. மாமாங்கத் தீர்த்தத்துக்குப் போயிருந்தேன். அன்றைக்குக் கோயில் வீதியில் அவரையும் கண்டேன்.

வீட்டில் அம்மா, "காசு போனாப் போகட்டும் மனே, திரும்ப எழுது" என்கிறார். போவது காசு மட்டுமா? பரீட்சைக் கட்டணம் டொலரில். ஒரு மட்டத்தை வருடத்தில் இரண்டு தடவைக்கு மேல் எழுத முடியாது, மொத்தமாக ஆறு தடவைதான். 2021 ஜூலையில் முதல் மட்டத்தில் பாஸானவர்கள் 22 வீதம். இதில் உத்தரவாதம் என்று ஒருவர் சொன்னால், எதை வைத்துச் சொல்கிறார் என்று கேளுங்கள்.

பரீட்சைப் பதிவுக் கட்டணத்தோடு நமக்குக் கிடைக்கும் பாடத்தளத்தில் கேள்விவங்கியும் மாதிரிப் பரீட்சையும் இருக்கின்றன. போன தடவை அதை நான் இரண்டு தரம்தான் திறந்தேன். இப்போது வேலைக்குப் போகுமுன் காலையில் 30 கேள்வி, 45 நிமிடம். கேள்விக்கு ஒன்றரை நிமிடம் என்பதுதான் பரீட்சைக் கணக்கும். பிழைத்தவற்றை ஒரு கொப்பியில் எழுதுகிறேன். விடையை அல்ல, ஏன் பிழைத்தது என்பதை. "பிஜிஎன்னைப் பார்க்கவில்லை" என்பது முதல் பக்கத்திலேயே இருக்கிறது. பிழையான விடைக்குப் புள்ளி வெட்டுவதில்லை, ஆகவே தெரியாததையும் வெறுமனே விடுவதில்லை. பரீட்சையை நடத்துகிற சிஎஃப்ஏ நிறுவனம் பரிந்துரைக்கிற 300 மணித்தியாலப் படிப்பை 45 நாளுக்குப் பிரித்துப் பாருங்கள். வேலைக்குப் போகிற ஒருவரால் நாளுக்கு ஆறரை மணித்தியாலத்துக்கு மேல் இருக்க முடியுமா?

போன கிழமை அதே நோட்டீஸ் மறுபடி வந்தது. வகுப்பு இப்போது கல்முனையில், 45 நாள் 30 ஆகியிருக்கிறது. டியூட்டின் படமும் போட்டிருந்தார்கள். பெரிதாக்கிப் பார்த்தேன், மேல் மூலையில் அதே 240.