நசிந்த பணிஸ்: ஹட்டனில் ஒரு பழைய பேக்கரி

கடையின் பெயரைப் போட வேண்டாம் என்று உரிமையாளரே கேட்டுக்கொண்டதால், இலங்கை மலையகத்தின் ஹட்டன் பஸ் நிலையத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் உள்ள ஒரு பழைய பேக்கரி என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். மூன்று மேசைகள், ஒரு கண்ணாடி அலுமாரி, பின்புறம் பாண் சுடும் விறகு அடுப்பான போறணை; இவ்வளவுதான் கடை.

இங்கே முதலில் வாங்க வேண்டியது சீனிச் சம்பல் வைத்த பன், எங்கள் பேச்சில் பணிஸ். விறகில் வெந்ததால் அடிப்பக்கம் லேசாகக் கருகி மணக்கிறது. சம்பலில் வெங்காயம் நன்றாக வதங்கி, மாசிக் கருவாட்டோடு சேர்ந்து, இனிப்புக்குப் பின்னால் காரம் மெதுவாக ஏறுகிறது. இஞ்சி தட்டிப் போட்ட பிளேன்டீயும் குறை சொல்ல முடியாதது. ரோல்ஸ் மட்டும் ஆறிப்போய் எண்ணெய் கசிந்தபடி வந்தது; இனி அதை வாங்க மாட்டேன்.

ஆனாலும் நாற்பது வயதில் நான் இந்தக் கடையைத் தேடிப் போவது வாய் ருசிக்காக மட்டுமல்ல. 1996 ஜனவரி 31ஆம் திகதி கொழும்பில் மத்திய வங்கி மீது குண்டுத் தாக்குதல் நடந்த பின்னர், தலைநகரில் சுற்றிவளைப்புகள் மேலும் இறுகின. கடைகளில் வேலை பார்த்த தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள் பலர், அடையாள அட்டை இல்லை என்றோ பொலிஸ் பதிவு இல்லை என்றோ பிடிபட்டு, சிலர் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் மாதக்கணக்கில் தடுத்து வைக்கப்பட்டனர். என் அண்ணனும் அப்படித்தான் போனார். அவர் அனுப்பி வந்த காசுக்கட்டளை நின்றது. அப்பா இல்லாத வீட்டில், அம்மா கொழுந்தெடுத்த சம்பளம் அரிசிக்கே போதாமல் போக, நானும் தங்கச்சியும் வெறும் வயிற்றோடு பாடசாலைக்கு நடந்தோம்.

கடைக்காரரிடம் இதை யாரும் சொல்லவில்லை. ஒரு நாள் காலை எங்களைக் கூப்பிட்டவர், முதுகைக் காட்டித் திரும்பி நின்று, தட்டிலிருந்த இரண்டு பணிஸ்களைக் கட்டைவிரலால் அழுத்திப் பள்ளமாக்கியது அலுமாரிக் கண்ணாடியில் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. பிறகு, "இது நசிஞ்சிருச்சி, விக்க ஏலாது, கொண்டு போங்க" என்று தாளில் சுற்றித் தந்தார். மறுநாளும் இரண்டு நசிந்தன. ஏறக்குறைய ஏழு மாதங்கள், பாடசாலை உள்ள நாளெல்லாம் நசிந்துகொண்டே இருந்தன. அண்ணன் வந்து சேர்ந்ததும் அம்மா காசோடு போய் நின்றபோது, "நசிஞ்சதுக்கெல்லாம் நான் கணக்கு எழுதுறதில்லம்மா" என்று சொல்லிவிட்டாராம். அவர் கடனுக்குக் கைதாராளமான மனிதர் என்று எண்ணிவிட வேண்டாம். அதே நாட்களில் என் மாமாவின் பாக்கியை நாலு பேர் முன்னால் கறாராகக் கேட்டு வாங்கியவரும் அவர்தான்.

இப்போது கடை மகன் கையில் இருக்கிறது. பணிஸ் பழையதை விடச் சிறுத்துவிட்டது. மாவு விற்கும் விலையில் அதைக் குற்றமாகச் சொல்லவும் மனம் வரவில்லை. 2022இல் எரிவாயு கிடைக்காத நாட்களிலும் விறகுப் போறணை இருந்ததால் கடையைப் பூட்டவில்லை என்றார்.

காலை ஒன்பதுக்கு முன் போனால்தான் சீனிச் சம்பல் பணிஸ் கிடைக்கும். அலுமாரியின் கீழ்த்தட்டில் நசிந்தவை நான்கைந்து தனியாகக் கிடக்கும். காசு கொடுத்தாலும் பெரியவர்களுக்கு அவற்றைத் தருவதில்லை. நான் கேட்டுப் பார்த்தேன்.