மைசூர் அரண்மனை: ஞாயிற்றுக்கிழமை ‘ஒருநாள் டூர்’ விற்பவர்களிடம் ஜாக்கிரதை

ஞாயிறன்று மைசூர் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள். “சாயங்காலம் அரண்மனை விளக்கலங்காரம், பிருந்தாவனப் பூங்காவில் இசை நீரூற்று, இரண்டும் உண்டு சார்” என்று எந்த ஏஜென்ட் சொன்னாலும் அது பொய். இரண்டும் இருட்டிய பிறகு ஏறக்குறைய ஒரே நேரத்தில் நடப்பவை; நடுவில் சுமார் 20 கிலோமீட்டர். ரயில் நிலைய வாசலில் நல்ல தமிழில் பேசி இந்தப் பொய்யைத்தான் எங்களுக்கு விற்றார்கள். ரசீதிலும் இரண்டையும் அச்சடித்திருந்தார்கள், துணிச்சல்காரர்கள்!

“காலையில் அரண்மனையில் கூட்டம் தாங்காது” என்று சொல்லி, வேனை முதலில் ஒரு பட்டுக்கடைக்கும், அடுத்து ஒரு சந்தன எண்ணெய்க் கடைக்கும் ஓட்டினார்கள். இரண்டிலும் ‘அரசு அங்கீகாரம் பெற்றது’ என்ற பலகை; எந்த அரசு என்றுதான் எழுதவில்லை. நாங்கள் வாங்காமல் நின்றதில் டிரைவருக்குத்தான் முகம் சுருங்கியது. கமிஷன் போனால் வருத்தம் இருக்காதா? உண்மையான மைசூர்ப் பட்டு வேண்டுமென்றால் கர்நாடக அரசுப் பட்டுக் கழகத்தின் சொந்தக் கடைக்கே நேராகப் போய்விடலாம்.

அரண்மனை 5.30 மணிக்கு மூடுகிறது. எங்களை இறக்கிவிட்டபோது மணி ஐந்தை நெருங்கிவிட்டது. டிக்கெட் வரிசை, செருப்பு வைக்கும் வரிசை எல்லாம் தாண்டி உள்ளே போனால் காவலர்களின் விசில். 1897இல் பழைய மர மாளிகை தீயில் அழிந்தபின், சென்னை உயர் நீதிமன்றக் கட்டடத்திலும் பங்குள்ள ஹென்றி இர்வின் வடிவமைக்க, 1912இல் எழுந்து முடிந்த கட்டடம் இது. கல்யாண மண்டபத்தின் மயில் தீட்டிய கண்ணாடிக் கூரையை அண்ணாந்து பார்ப்பதற்குள் “சலோ, சலோ” என்று தள்ளிவிட்டார்கள்.

வெளியே வந்ததும் பிருந்தாவனத்துக்குக் கிளப்பினார்கள். “விளக்கைத் திரும்பி வரும்போது பார்க்கலாம்” என்றார் டிரைவர். அங்கே வாயிலிலிருந்து நீரூற்று வரை நல்ல நடை. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஆட்டம் முடியும் தறுவாயில் இருந்தது. ஊர் திரும்பினால் அரண்மனை இருட்டில் கிடந்தது. லட்சத்தை நெருங்கும் பல்புகளில் ஒன்றைக்கூடப் பார்க்கவில்லை.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு ஏஜென்ட், “வண்டி இரண்டு இடத்துக்கும் போனதே!” என்றார்.

நகரப் பேருந்து நிலையத்திலிருந்து அரண்மனைக்கு நடந்தே போய்விடலாம். பிருந்தாவனம் இருக்கும் கிருஷ்ணராஜசாகர் அணைக்கும் அந்த நிலையத்திலிருந்தே பஸ் இருக்கிறது. ஞாயிறு பிற்பகலை அரண்மனைக்கு மட்டும் வைத்துக்கொண்டு, விளக்கேற்றும்வரை அங்கேயே இருங்கள். பிருந்தாவனத்தை வேறு நாளைக்குத் தள்ளிவிடுங்கள்.