செகண்ட் ஹேண்ட் எலக்ட்ரிக் கார்: நான் ஏமாந்த கதை

திருச்சியிலிருந்து தஞ்சாவூருக்குத் தினமும் வேலைக்குப் போய் வருகிறேன். போக வர 115 கி.மீ. பெட்ரோலுக்கு மட்டும் நாளைக்கு 800 ரூபாய் போனது. புது எலக்ட்ரிக் கார் கட்டுப்படியாகாது என்று, போன வருடம் சென்னையில் ஒரு பழைய கார் கடையில் 2021 மாடல் வண்டி ஒன்றைப் பிடித்தேன். 30 யூனிட் பேட்டரி, மீட்டரில் 46,000 கி.மீ., விலை ஏழு லட்சத்து அறுபதாயிரம்.

பேட்டரி எப்படி இருக்கிறது என்று கேட்காமல் இல்லை. கடைக்காரர் சாவியைப் போட்டுக் காட்டினார். திரையில் 100 சதவீதம். "இன்ஜினா, கியரா, கெட்டுப்போறதுக்கு இதுல என்ன சார் இருக்கு? கம்பெனி வாரண்டியே எட்டு வருஷம், ஒன்றரை லட்சம் கிலோமீட்டருக்கு மேல இருக்கு" என்றார். பின்சீட் மட்டும் ஏன் இவ்வளவு அமுங்கிக் கிடக்கிறது என்று என் மனைவி கேட்டாள். பிள்ளைகள் குதித்திருக்கும் என்று பதில் சொன்னது கடைக்காரர் அல்ல, நான்தான்.

அன்று மதியமே திருச்சிக்குக் கிளம்பினோம். பரனூர் டோல்கேட்டில் 64 சதவீதம். மேல்மருவத்தூரில் 34. ஏசியை நிறுத்தி, ஜன்னலை இறக்கி, லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து திண்டிவனம் வந்தபோது 12. முதலில் போன சார்ஜர் வேலை செய்யவில்லை. அடுத்தது ஒரு ஓட்டல் வாசலில் இருந்தது. ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்று 90 வரை ஏற்றினேன். பில்லில் 17.3 யூனிட் என்று வந்தது.

பக்கத்தில் எலக்ட்ரிக் டாக்ஸிக்கு சார்ஜ் போட்டுக்கொண்டிருந்த தம்பி எட்டிப் பார்த்தார். "12லேர்ந்து 90. அப்ப 78 பெர்சன்ட். 30 யூனிட் பேட்டரின்னா 23 யூனிட்டாவது ஏறியிருக்கணுமேண்ணே?"

அப்போதுதான் உறைத்தது. திரையில் தெரியும் 100 என்பது, பேட்டரியில் இன்று மிச்சமிருக்கும் கொள்ளளவில் 100. முப்பது லிட்டர் குடம் நெளிந்து இருபத்திரண்டு லிட்டர் பிடித்தாலும், தளும்பினால் நிறைகுடம்தான். 17.3-ஐ 78-ஆல் வகுத்து நூறால் பெருக்கினால் 22 வருகிறது. அதாவது கால்வாசிப் பேட்டரி காலி. அந்தத் தம்பி கதவில் ஸ்டிக்கர் உரித்த தடத்தையும் தடவிக் காட்டி, "இது நம்ம ஜாதி வண்டிண்ணே, டாக்ஸி" என்றார். மனைவி பின்சீட்டைத் திரும்பிப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் திருச்சியில் கம்பெனி சர்வீஸ் சென்டரில் சேஸிஸ் நம்பரைக் கொடுத்தேன். கடைசி சர்வீஸ் 1,18,000 கி.மீ.யில் நடந்திருக்கிறது. முதலில் டாக்ஸியாகப் பதிவான வண்டி. பச்சை நம்பர் பிளேட்டில் மஞ்சள் எழுத்து இருந்தால் டாக்ஸி, வெள்ளை எழுத்து என்றால் சொந்த வண்டி. என் வண்டியில் வெள்ளை எழுத்துதான், ஆனால் இடையில் மாற்றியது. டாக்ஸிக்கு வாரண்டிக் கணக்கே வேறாம். மீட்டரைத் திருத்திய வண்டிக்கு எந்தக் கணக்கும் கிடையாதாம்.

எனவே பழைய எலக்ட்ரிக் கார் பார்ப்பவர்கள் அட்வான்ஸ் கொடுக்கும் முன் சேஸிஸ் நம்பரை வாங்கி, கம்பெனி சர்வீஸ் சென்டரில் பழைய சர்வீஸ் விவரங்களைப் பாருங்கள். அப்புறம் வண்டியை 20 சதவீதம் வரை ஓட்டி இறக்கி, பொதுச் சார்ஜரில் 80 வரை ஏற்றி, பில்லில் வரும் யூனிட்டை 60-ஆல் வகுத்து நூறால் பெருக்குங்கள். சில நூறு ரூபாயும் ஒரு நாளும்தான் செலவு. கடைக்காரர் இதற்குச் சம்மதிக்கவில்லை என்றால் வேறு கடை பாருங்கள். எனக்கு வண்டியை 100-லேயே நிறுத்திக் காட்டினார்கள், நானும் அதைப் பார்த்து மயங்கினேன்.

கரண்ட் பில்லும் எகிறியது. அந்த விஷயத்தில் தப்பு முழுக்க என்னுடையது. வீட்டில் தினம் 18 யூனிட் ஏற்றினால் இரண்டு மாதத்துக்கு 900 யூனிட். இரண்டு மாதக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் அதற்குக் கீழே உள்ள யூனிட்டுக்கும் ரேட் ஏறும் என்பதை நான் கணக்கிலேயே எடுக்கவில்லை.

கடைக்காரருக்கு போன் செய்தேன். "விற்பனைப் பேப்பர் பின்பக்கத்துல 'உள்ளது உள்ளபடி'ன்னு போட்டிருக்கு பாருங்க சார், நீங்கதான் கையெழுத்து போட்டிருக்கீங்க" என்றார். போட்டிருந்தது, எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்தில். மீட்டரைத் திருத்தி விற்பதற்கும் அந்த வரி செல்லுமா என்று நுகர்வோர் ஆணையம்தான் சொல்ல வேண்டும். சர்வீஸ் சென்டர் பிரிண்ட், சார்ஜர் பில், விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட் மூன்றையும் வைத்துத் திருச்சி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். வாங்கியது சென்னையில் என்றாலும் 2019 சட்டப்படி நாம் குடியிருக்கும் ஊரிலேயே கொடுக்கலாம். இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். ஐந்து முதல் பத்து லட்சம் வரையிலான பொருளுக்குக் கட்டணம் 200 ரூபாய்.

இதுவரை இரண்டு வாய்தா ஆகியிருக்கிறது. வண்டி இன்னமும் தஞ்சாவூர் போய்த்தான் வருகிறது. திரும்பும்போது துவாக்குடி வந்ததும் ஏசியை நிறுத்திவிடுகிறேன்.